ஏழாம் எண் பன்றியின் தோல்

செப்டம்பர் 25, திங்கள்

குட்டிகள் வந்துவிட்டன. பதினாறு. பால்குடி மறந்து ஒரு வாரம் ஆனவை, ஆளுக்கு எட்டு ஒன்பது கிலோ. காதில் எண் வளையம் மாட்டி முடிப்பதற்குள் என் காது அடைத்துப்போயிற்று. பன்றிக்குட்டி கத்துவதைக் கிட்டத்தில் நின்று கேட்டவர்களுக்கு அதன் பிறகு கல்யாண மண்டப மைக்செட் ஒரு பொருட்டே இல்லை.

இது மூன்றாவது முறை. முதல் தடவை காய்ச்சல் வந்து பண்ணையே காலி. இரண்டாம் தடவை ஆய்வகக் கருவி பழுதாகி எட்டு மாதம் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது, மாதிரிகள் கெட்டுப்போயின. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற ஜாதகம் என்னுடையது. ஜனவரி 31-ஆம் தேதியோடு என் பிஎச்.டி. பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருடமும் போச்சு. என்னோடு படித்தவர்கள் இணைப்பேராசிரியர் ஆகிவிட்டார்கள். நான் இன்னும் பன்றிச் சாணத்தை நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வு ஒன்றும் பிரமாதம் இல்லை. நான்கு குழு, குழுவுக்கு நான்கு குட்டி. முதல் குழுவின் தீவனத்தில் துத்தநாகம் சேர்க்க மாட்டோம். இரண்டாவதற்குத் துத்தநாக ஆக்சைடு, மூன்றாவதற்கு சல்பேட், நான்காவதற்கு அமினோ அமிலத்தோடு பிணைத்த துத்தநாகம். வாய்வழியே போனதை அளந்து, சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்ததை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உடம்பில் எவ்வளவு தங்கியது என்று தெரியும். என் மகள் யாழினிக்கு இரண்டாம் வகுப்பில் இப்போது கழித்தல்தான் நடக்கிறது. அவள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவாள்.

செப்டம்பர் 27, புதன்

துத்தநாகம் எங்கிருந்தெல்லாம் உள்ளே நுழையும் என்று மாசிலாமணி அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். பத்தொன்பது வருடமாக இந்தப் பண்ணையில் தினக்கூலி. பன்றிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி எங்கள் பேராசிரியருக்குத் தெரியாது. நிரந்தரம் ஆக்கப் போகிறவர்கள் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, எட்டுப் பேரில் இவர் மூன்றாவது.

தகர வாளிகளை வெளியே எறியச் சொன்னேன். "புதுசா இருக்கேம்மா?" என்றார். தகரத்துக்கு மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள், தண்ணீரில் கரையும் என்றேன். எல்லாம் பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் தொட்டி.

"அண்ணே, இனிமே இந்தக் கொட்டில்ல ஒரு ஆணி அடிக்கறதா இருந்தாக்கூட என்னையக் கேட்டுட்டுத்தான் அடிக்கணும்."

"சரிங்கம்மா. கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அக்டோபர் 3, செவ்வாய்

சாணம். தராசு. தீவனம். சாணம்.

அக்டோபர் 8, ஞாயிறு

தென்காசியிலிருந்து யாழினி பேசினாள். "பன்னிப் பரீட்சை எப்பம்மா முடியும்?" என்றாள். தை மாசம் என்றேன். "போன வருஷமும் தை மாசம்னுதான் சொன்னே." அப்புறம் அவள் அப்பா ராஜவேலு போனை வாங்கி, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டார். நல்ல மனிதர். பேங்க் வேலையையும் பார்த்துக்கொண்டு பிள்ளைக்கு ரெட்டை ஜடையும் பின்னிவிடுகிறார். குறை சொல்லமாட்டார். குறை சொன்னால்கூடத் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது.

அக்டோபர் 14, சனி

எதிர்பார்த்தது வந்துவிட்டது. முதல் குழுவில், துத்தநாகம் இல்லாதவற்றில், மூன்று குட்டிகளுக்கு வயிற்றிலும் தொடையிலும் சிவந்த தடிப்பு. ஏழாம் எண்ணுக்கு முழங்காலில் பொருக்குத் தட்டத் தொடங்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது மாதிரியே. படம் எடுத்தேன், அளவுகோல் வைத்து எடுத்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 18, புதன்

ஏழாம் எண் தின்னவில்லை. பொருக்கு காதுவரை ஏறிவிட்டது. வெடித்த இடத்தில் ஈ மொய்க்கிறது. மாசிலாமணி அண்ணன் அதற்கு 'சொறியன்' என்று பெயர் வைத்துவிட்டார். வேப்பெண்ணெய் தடவட்டுமா என்று மூன்று தரம் கேட்டார். எதையும் தடவக் கூடாது என்றேன்.

"ஒரு சிட்டிகை அந்தப் பவுடரப் போட்டா சரியாயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. அதனாலதான் போடக் கூடாது."

அவர் தென்னை மட்டையால் ஈ விரட்டப் போய்விட்டார். மத்தியானம் வரை விரட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 20, வெள்ளி

காலையிலிருந்து கரண்ட் இல்லை. தீவன மிக்சர் பாதிக் கலவையோடு நின்று கிடக்கிறது. விசிறி இல்லாமல் கொட்டிலே அவிந்தது. இந்த அமைதியில் பன்றிகள் மெல்லுகிற சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்கிறது.

தீவனக் கணக்கைக் கூட்ட உட்கார்ந்தபோது மாசிலாமணி அண்ணன் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, ஆயுத பூசைக்குக் கம்பிக்கெல்லாம் பெயின்ட் அடிச்சிரட்டுமா? துருப்புடிச்சுக் கெடக்கு. ஸ்டோர்ல மஞ்சப் பிரைமர் ரெண்டு டப்பா சும்மா இருக்கு. மங்களகரமா இருக்கும்."

"அடிங்கண்ணே. பன்னிக்குக் கலரா தெரியப்போவுது."

சிரித்துக்கொண்டே போனார். மின்வாரியத்துக்கு நாலு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

கொட்டில் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. நேற்று ஞாயிறு முழுக்கக் குட்டிகளைப் பக்கத்துக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டு அடித்திருக்கிறார்கள். தடுப்புக் கம்பி, கழிவு சேகரிக்கும் கூண்டுகள், தராசு, தள்ளுவண்டி, எல்லாம் பளபளவென்று மஞ்சள். தராசுக்குச் சந்தனமும் குங்குமமும், மண்வெட்டிக்கு மாலை. பேராசிரியர் அரங்கநாயகம் சார் வந்து பூசணிக்காய் உடைத்தார். "தாமரை, இந்தத் தடவ முடிச்சுடுவே" என்றார். அவரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். நான்தான் அவருடைய கடைசி மாணவி.

மாசிலாமணி அண்ணன் சொறியன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்திருந்தார். அது கம்பியை நக்கிக்கொண்டு நின்றது. பன்றிகள் புதிதாக எது வந்தாலும் நக்கும்.

அக்டோபர் 30, திங்கள்

கழிவு சேகரிப்பு தொடங்கியது. ஏழு நாள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒவ்வொரு கூண்டுக்கு அடியிலிருந்தும் சாணத்தை வழித்து, நிறுத்து, பத்தில் ஒரு பங்கு எடுத்துக் காயவைக்க வேண்டும். மூத்திரத்தை அமிலம் ஊற்றிய புட்டியில் பிடிக்க வேண்டும். சோறு தின்னும் கை வேறு, இந்தக் கை வேறு என்று நினைத்துக்கொள்வேன். இரண்டும் ஒரே கைதான்.

நவம்பர் 1, புதன்

மாசிலாமணி அண்ணன் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"அம்மா, சொறியனப் பாருங்களேன்! பொருக்கு உதுந்து புதுத்தோலு வந்திருச்சு. தொட்டிய நக்கித் தின்னுட்டான். இனிமே வேற பேருதான் வைக்கணும்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாய், குழந்தைக் கன்னம் மாதிரி புதுத் தோல். மற்ற மூன்றுக்கும் தடிப்பு அடங்கிவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்தார். துத்தநாகம் கொடுக்காமல் இந்தத் தோல் ஆறாது. ஆறவே கூடாது.

தீவனத்தைக் கலந்தபோது மூட்டை மாறியிருக்குமோ? மாறவில்லை, சீட்டு சரியாக இருக்கிறது. தண்ணீரா? போன மாதம்தான் சோதித்தேன். சில பன்றிகளுக்குத் தானாகவே சரியாகும் என்று எங்கோ படித்த ஞாபகம். தேடவில்லை.

நவம்பர் 6, திங்கள்

நாற்பத்திரண்டாம் நாள். திட்டப்படி பதினாறையும் அறுத்து ஈரலும் முன்னங்கால் எலும்பும் எடுத்தோம்.

நேற்றே சாரிடம் போய், தோல் ஆறியதைச் சொல்லி, அறுப்பதைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டிருக்கலாம். தள்ளி வைத்தால் தீபாவளி விடுமுறை வரும், பிறகு ஆய்வகத்தில் தேதி கிடைக்காது. அதனால் கேட்கவில்லை.

ஏழாம் எண்ணின் வாயைத் திறந்தபோது பல் இடுக்கில் மஞ்சளாக என்னவோ இருந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டேன்.

மாசிலாமணி அண்ணன் அறுக்கிற இடத்துக்கு வரவில்லை. காலி கொட்டிலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

தென்காசிக்குப் போகவில்லை. உலையில் எலும்பு சாம்பல் ஆகிக்கொண்டிருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றேன். உலை தானாகவே அணையும். யாழினி புதுப் பாவாடையில் வீடியோவில் சுற்றிக் காட்டினாள்.

நவம்பர் 16, வியாழன்

எண்கள் வந்தன.

முதல் குழு ஒரு நாளைக்குத் தின்ற துத்தநாகம் சராசரி பதினான்கு மில்லிகிராம். சாணத்தில் வெளியேறியது அறுபத்தொன்று. வாய்வழியே போனதைவிட நாலு மடங்குக்கு மேல் வெளியே வந்திருக்கிறது. மற்ற மூன்று குழுக்களிலும் இதே கூத்து. ஆக்சைடுக்கும் சல்பேட்டுக்கும் அமினோ அமிலத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஈரலில் எல்லாக் குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. கருவியை இரண்டு தரம் சரிபார்த்தேன். மூன்றாம் தரமும் ஓட்டினேன். கருவியின் மேல் தப்பில்லை.

ஆய்வகத்திலிருந்து கொட்டிலுக்கு நடந்தேன். கூண்டுக் கம்பிகளில் பன்றியின் வாய் எட்டும் உயரம் வரை இரும்பு தெரிந்தது. அதற்கு மேலே மஞ்சள் அப்படியே இருந்தது.

நவம்பர் 17, வெள்ளி

கம்பியிலிருந்து மஞ்சளைச் சுரண்டிக்கொண்டு போய் அமிலத்தில் கரைத்துக் கருவியில் போட்டேன். கருவியின் அளவைத் தாண்டிப் போயிற்று. நூறு மடங்கு நீர்த்தும் தாண்டியது. ஸ்டோரில் போய் டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் முன்பக்கமே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, துத்தநாகப் பிரைமர் என்று. படிக்கத் தெரிந்த யாரும் படித்திருக்கலாம்.

ஒரு தகர வாளியை விடாமல் பொறுக்கி எறிந்தவள் நான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெயும் திரளவில்லை. பதினாறு உயிர் போயிற்று, ஏழு வருடம் போயிற்று. கொட்டிலின் தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 18, சனி

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார்.

"ஆய்வாளரோட கவனக்குறைவுன்னா பதிவு ரத்து. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆய்வாளரோட கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம்னா ஒரே ஒரு தடவ, ஆறு மாசம் நீட்டிப்பு குடுப்பாங்க."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெயின்ட் அடிக்க நீ சொன்னியா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "நீ எப்படிச் சொல்லுவே? வாளியக்கூட விடாதவளாச்சே. அவனா ஆர்வக்கோளாறுல அடிச்சிருக்கான். அப்படி எழுதிக் குடு. அவன்கிட்டயும் ஒரு வாக்குமூலம் வாங்கிடலாம்."

அவர் என்னைவிட வயதில் மூத்தவர். அவர் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.

நவம்பர் 20, திங்கள்

விளக்கக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். 'பண்ணைப் பணியாளர் ஒருவர், ஆய்வாளரின் அனுமதியின்றி' என்று தொடங்கும் வாக்கியத்தை நாலு தரம் அடித்து எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியபோது சுலபமாக வந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

மாசிலாமணி அண்ணனைச் சார் அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும் இருந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றார். நடந்ததை சார் அவருக்கு விளக்கினார்.

"பெயின்ட்லயா சார் இருந்துச்சு?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப அந்தப் புள்ளைங்க செத்ததெல்லாம் வீணாம்மா?"

நான் தலையசைத்தேன்.

"யாரைக் கேட்டு அடிச்சே?" என்றார் சார்.

அறையில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. மாசிலாமணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேசைமேலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டேன் சார். ஆனா அப்ப மிக்சர் ஓடிக்கிட்டிருந்துச்சு. பெரிய சத்தம். அவங்க காதுல விழுந்திருக்காது. நான்தான் விழுந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு அடிச்சுட்டேன்."

"அப்ப அனுமதி இல்லாமதானே அடிச்சிருக்கே?"

"ஆமா சார்."

சார் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். நல்ல குண்டு குண்டான கையெழுத்து. வெளியே வந்ததும் என்னிடம், "நீங்க மனச விட்றாதீங்கம்மா, புள்ள வேற அங்க தனியா இருக்கு" என்றார்.

மிக்சர் ஓடும்போது உண்மையிலேயே எதுவும் கேட்காது. பக்கத்தில் நின்று கத்தினால்கூடக் கேட்காது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நவம்பர் 22, புதன்

இந்த நோட்டின் பழைய பக்கங்களை இனிப் புரட்டப்போவதில்லை. புரட்டி என்ன ஆகப்போகிறது.

நவம்பர் 30, வியாழன்

நீட்டிப்பு வந்துவிட்டது. ஜூலை 31 வரை. சார் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். ராஜவேலுவிடம் சொன்னேன். "இன்னும் ஆறு மாசமா?" என்றார். பிறகு, "நல்லது, தாமரை" என்றார்.

நிரந்தரப் பட்டியலில் இப்போது ஏழு பேர். ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் சேர்க்கக் கூடாதாம், எனக்கு இது முன்பே தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

நாளையிலிருந்து மாசிலாமணி அண்ணன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "அவனுக்கென்ன, தெரிஞ்ச வேலை, எந்தப் பண்ணையிலயும் எடுத்துப்பாங்க" என்றார் சார். ஐம்பத்தாறு வயது ஆளை எந்தப் பண்ணையில் எடுப்பார்கள்? எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

டிசம்பர் 11, திங்கள்

புதுக் கூண்டுகள். எல்லாம் எவர்சில்வர். புதுக் குட்டிகள் பதினாறு. காண்ட்ராக்டில் வந்த புது ஆளுக்குப் பன்றி என்றால் பயம், அவற்றுக்கும் அவரைக் கண்டால் பயம்.

டிசம்பர் 20, புதன்

கூண்டில் பழக்க வேண்டிய நாள். ஒரு குட்டிகூட உள்ளே போகவில்லை. காதைப் பிடித்து இழுத்தோம், பின்னாலிருந்து தள்ளினோம், வெல்லத்தைக் காட்டினோம். இரண்டு மணி நேரத்தில் புது ஆளின் கை கிழிந்து ரத்தம். மூன்றாம் எண்ணுக்கு மூச்சு வாங்கி வாய் திறந்துவிட்டது. இப்படிப் போனால் செத்துவிடும், ஒன்று செத்தாலும் குழு உடைந்துவிடும்.

வேறு வழியில்லாமல் மாசிலாமணி அண்ணனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா! நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?"

சொன்னேன்.

"ஐயய்யோ, தள்ளாதீங்க. தள்ளுனா எதுத்துக்கிட்டுத்தான் நிக்கும். எல்லாரையும் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்க. ஒரு பலகை எடுத்துக்கிட்டுப் பின்னாடி சும்மா நில்லுங்க. அது ஒரு அடி வச்சா நீங்களும் ஒரு அடி. திரும்பிப் பாக்கும், பலகைதான் தெரியணும். வேற போக்கிடம் இல்லன்னு அதுக்கே தெரிஞ்சிரும். தானா உள்ள போயிரும்மா. நாமளாத்தான் போறோம்னு அது நெனச்சுக்கும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே செய்தேன். சொன்னபடியே நடந்தது. மூன்றாம் எண் திரும்பிப் பார்த்தது, பலகையைப் பார்த்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனது. தாழ்ப்பாள் போட்டேன்.

"போயிருச்சாம்மா?"

"போயிருச்சுண்ணே."

"அவ்ளோதான்." அந்தப் பக்கம் சிரித்தார். அண்ணே, அன்னைக்கு நான்... என்று ஆரம்பித்தேன். புது ஆள் அடுத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சொல்லுங்கம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒரு ஒதவிம்மா. புதுக் குட்டிங்கள ஒருக்கா பாக்கணும்போல இருக்கு. வாச்மேன் உள்ள விட மாட்டேங்குறாப்ல. எம்மேல புகார் எழுதியிருக்காமே. ஞாயித்துக்கெழம வர்றேன், நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிவச்சா விட்டுருவாப்ல."

சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 22, வெள்ளி

பதினாறும் கூண்டுக்குப் பழகிவிட்டன. வாச்மேனிடம் நாளை சொல்ல வேண்டும்.

டிசம்பர் 24, ஞாயிறு

மாசிலாமணி அண்ணன் காலை ஒன்பது மணியிலிருந்து பண்ணை கேட்டுக்கு வெளியே நின்றதாக மாலையில் வாச்மேன் சொன்னார். மத்தியானம் வெயில் ஏறின பிறகுதான் போனாராம். எனக்கு மூன்று தரம் போன் செய்திருந்தார். நான் ஆய்வகத்தில் இருந்தேன். ஆய்வக ஜன்னலிலிருந்து கேட் தெரியும்.

மூன்றாம் எண், பத்து கிலோ நானூறு. நன்றாகத் தின்கிறது.